கைராசி என்று ஒரு பொய்

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு இலக்கியத்தில் ஆரம்பித்து, வழக்கம்போல் விலைவாசியில் விழுந்து, கடைசியில் நண்பருடைய பழைய அம்பாசிடர் காரில் வந்து நின்றது. தகப்பனாரின் ஞாபகமாக அவர் வைத்துக் காப்பாற்றி வரும் பெட்ரோல் வண்டி அது.

“அதற்கென்று ஒரு மெக்கானிக் இருக்கிறான், ஸார். மீட்டர் கிடையாது, விளக்குக் கிடையாது, புஸ்தகம் கிடையாது. இஞ்சினை ஓட விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பான். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து இப்படி ஒரு திருகு. அவ்வளவுதான், வீணை மாதிரி பேசும்! அதெல்லாம் கைராசி. படிப்பினாலே வருமா?” என்றார் நண்பர்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஏன் ஆட்டவில்லை என்று அப்போதே சொல்லியிருப்பேன். அதற்குள் காபி வந்துவிட்டது. ஆகவே இங்கே சொல்கிறேன்.

கைராசி என்று நாம் சொல்கிறோமே, அது பாராட்டு அல்ல, பொய். ஒரு தொழிலாளியைப் புகழ்வது போல் புகழ்ந்து, அவனிடம் அறிவு என்று ஒன்று இல்லை என்று சொல்லிவிடும் பொய். அந்தப் பொய்யினால் இஞ்சின் கெடுகிறது. ஊர்க் காற்றும் கெடுகிறது. ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்த பையனின் வாழ்வும் கெடுகிறது. மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன். பிறகு உங்கள் தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆட்டுங்கள்.

கதை எழுதுகிறவனுக்குக் கார்புரேட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. இரண்டு வருஷத்துக்கு முன்பு எனக்கும் ஒன்றும் தெரியாது. என் நாவல் ஒன்றில் கதாநாயகன் மோட்டார் மெக்கானிக். நூற்றெண்பது பக்கம் அவன் காதலித்தான், கோபித்துக்கொண்டான், தத்துவம் பேசினான். ஒரு பக்கத்திலாவது ஒரு வண்டியை ரிப்பேர் செய்தானா என்றால் இல்லை. ‘எண்ணெய் படிந்த விரல்கள்’ என்று மட்டும் ஏழெட்டு இடத்தில் எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர்கூட அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வெட்கமும் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம்.

பெண்ணின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஆறு மாதம் தங்கியிருந்தோம். குழந்தை பிறந்த வீட்டில் தாத்தாவுக்கு என்ன வேலை? வாசலில் நிற்பதுதான். அப்படி நின்றபோது பழக்கமானவர் பக்கத்து வீட்டுக் கிழவர். எண்பதை எட்டிக்கொண்டிருந்த மனுஷர். அவரிடம் 1978ஆம் வருஷத்து ஷெவர்லே ‘சி-10’ பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. முன்னால் மூன்று பேர் உட்காரும் கூண்டு, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு. எட்டு சிலிண்டர், 350 கன அங்குல இஞ்சின். நம் கணக்கில் 5.7 லிட்டர். நண்பருடைய அம்பாசிடரின் இஞ்சின் 1.5 லிட்டர்தான்.

கிழவர் அதை அண்மையில் வாங்கியிருந்தார். முன்பு வைத்திருந்தவர் ‘காதாலேயே’ டியூன் செய்கிற ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்த வண்டி என்று பெருமையாகச் சொல்லி விற்றாராம். நின்ற இடத்தில் ஓடவிட்டால் வாஸ்தவமாகவே வீணைதான். ஆனால் பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஏறினால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல் இஞ்சினுக்குள்ளிருந்து சத்தம் வரும். பெட்ரோலும் தண்ணீராய்ச் செலவாகும்.

ஒரு நாள் மாலை இஞ்சின் மூடியைத் தூக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். கார்புரேட்டரைச் சுற்றிக் கறுப்பு ரப்பர்க் குழாய்கள். பல குழாய்கள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அவற்றில் ஆறு குழாய்கள் எங்கேயும் போய்ச் சேராமல் பாதியில் நின்றன. அறுந்த முனைகளில், கோல்ஃப் பந்தைத் தரையில் தூக்கி நிறுத்துவதற்காகக் குத்துவார்களே, அந்த மரமுளையைச் செருகி அடைத்திருந்தது. அந்த நாட்டில் இது ஒரு பழைய கைவைத்தியமாம்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அதெல்லாம் புகைக் கட்டுப்பாட்டுக்காக கவர்ன்மெண்ட் மாட்டச் சொன்ன குழாய், மாமா. பிடுங்கிப் போட்டால்தான் இஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.”

“எல்லோரும் சொல்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பிரமாணம் உண்டா, மாப்பிள்ளை?”

“அது தெரியாது, மாமா” என்றார். யோக்கியமான பதில். அந்த யோக்கியதை என் நண்பருக்கு இல்லை என்பதுதான் என் வழக்கு.

இனி, யந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சமையல் குறிப்பைவிடக் கஷ்டமானது அல்ல.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே வந்து நெருக்குகிறது. அப்போது பொறி விழுகிறது. எந்தக் கணத்தில்? பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகு என்றுதான் நானும் நினைத்தேன். தவறு. கலவை ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. ஓலைப் போரில் ஓரத்தில் பற்றிய தீ பரவுவது போல, பொறி விழுந்த இடத்திலிருந்து பரவுகிறது. அதற்கு ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் சில பங்கு நேரம் வேண்டும். தீ முற்றி அழுத்தம் உச்சத்தை அடையும் சமயத்தில் பிஸ்டன் மேலேயிருந்து சற்றே இறங்கத் தொடங்கியிருந்தால்தான் முழுத் தள்ளலும் சக்கரத்துக்குப் போகும். ஆகவே பொறியை முன்கூட்டியே விட வேண்டும். எவ்வளவு முன்கூட்டி என்பதை இஞ்சின் அச்சு திரும்பும் டிகிரியில் அளக்கிறார்கள். ஒர்க்‌ஷாப் பாஷையில் ‘அட்வான்ஸ்’.

இங்கேதான் சூக்ஷ்மம். இஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்றுச் சுற்றும்போது, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அச்சு 3.6 டிகிரி திரும்புகிறது. 3000 சுற்றில் அதே நேரத்தில் 18 டிகிரி திரும்பிவிடும். ஆகவே வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முன்னால் விழ வேண்டும். அது மட்டுமல்ல. மேட்டில் அழுத்தி மிதித்தால் சிலிண்டர் நிறையக் கலவை அடைகிறது. நெருக்கமான கலவை சீக்கிரம் எரிகிறது. அட்வான்ஸ் குறைய வேண்டும். சமதளத்தில் இலேசாக மிதித்துப் போகும்போது கலவை மெலிந்திருக்கிறது, மெதுவாக எரிகிறது, அட்வான்ஸ் கூட வேண்டும். வேகம் ஒரு கணக்கு, சுமை ஒரு கணக்கு.

ஆதியில் இந்த இரண்டு கணக்கையும் ஓட்டுகிறவனே போட்டான். 1908 முதல் 1927 வரை ஃபோர்டு கம்பெனி செய்த ‘மாடல் டி’ காரில் ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே இடது பக்கத்தில் ஒரு பிடி இருக்கும். பொறியை முன்னும் பின்னும் தள்ளுவதற்கான பிடி அது. அதைப் பின்னுக்குத் தள்ளாமல் முன்னால் போய்க் கைப்பிடி போட்டுச் சுற்றினால் இஞ்சின் எதிர்த்து உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். பிறகு அந்த இரண்டு கணக்கையும் டிஸ்ட்ரிபியூட்டருக்கே கற்றுக் கொடுத்தார்கள். வேகக் கணக்கைப் பார்ப்பவை அதற்குள் சுழலும் இரண்டு சின்ன எடைகள். வேகம் கூடினால் அவை விரிந்து பொறியை முன்னே தள்ளும். சுமைக் கணக்கைப் பார்ப்பது பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகர டப்பா. அதற்குள் ஒரு சவ்வும் ஒரு வில்லும் உண்டு. கார்புரேட்டரிலிருந்து ஒரு குழாய் வந்து அந்தச் சவ்வை உறிஞ்சும்.

அந்த உறிஞ்சுதலுக்குத்தான் வாக்குவம் என்று பெயர். காற்று வழியின் தட்டு மூடியிருக்கும்போது இஞ்சின் மூச்சுக்குத் திணறி உறிஞ்சுகிறது. நல்ல இஞ்சின் ஐடிலிங்கில் பாதரசக் கணக்கில் 18 முதல் 20 அங்குலம் வரை உறிஞ்சும். முழுக்க மிதித்துத் தட்டைத் திறந்துவிட்டால் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே இஞ்சினின் சுமை எவ்வளவு என்பதைக் கணத்துக்குக் கணம் சொல்லும் தூதன் அந்தக் குழாய். தூதன் வாயில் மரமுளையைச் செருகிவிட்டால் ராஜா எதைக் கொண்டு முடிவு செய்வார்?

இப்போது ‘காது’ வித்தைக்கு வருவோம். குழாயை அடைத்துவிட்டு இஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகினால் என்ன ஆகும்? முன்னே திருகத் திருக இஞ்சின் குஷியாகும், சுற்று ஏறும், சத்தம் இனிமையாகும். ஏனென்றால் ஐடிலிங்கில் கலவை மெலிவு; அதற்கு நிறைய அட்வான்ஸ் பிடிக்கும். காது அந்த இனிமையில் மயங்கி, ‘ஆகா, இதுதான் இடம்’ என்று நட்டை முடுக்கச் சொல்கிறது. அந்த வண்டியின் இஞ்சின் அறையில் ஒட்டியிருந்த சீட்டு, வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு 8 டிகிரி வை என்று சொல்லிற்று. டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தபோது இருந்தது 18 டிகிரி. வேகம் ஏறும்போது எடைகள் விரிந்து ஏறக்குறைய 22 டிகிரி சேர்த்தால் மொத்தம் 40. இந்த வகை இஞ்சினுக்கு 36க்கு மேல் ஆகாது என்பது பழகியவர்களின் கணக்கு. மேட்டில் பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தீ முற்றி அதன் தலையில் அடிக்கிறது. மூலையில் மிஞ்சிய கலவை தானாகவே வெடிக்கிறது. அதுதான் அந்தக் கூழாங்கல் சத்தம், நாக்கிங். அது நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும், ரிங்குகள் உடையும்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. சமதளத்தில் இலேசாகப் போகும்போது வாக்குவம் டப்பா சேர்க்க வேண்டிய அட்வான்ஸ், குழாய் அடைபட்டதால் சேரவில்லை. ஆகவே அதே வண்டியில் மேட்டில் அட்வான்ஸ் அதிகம், சமதளத்தில் போதாது. ஒரு பக்கம் இஞ்சின் உடைகிறது. மறு பக்கம் பெட்ரோல் வீணாகிறது. இது காதின் தோஷம் அல்ல. நிற்கிற வண்டியின் பக்கத்தில் நிற்கிற காதுக்கு, நிற்கிற வண்டியின் சமாசாரம் மட்டுமே கேட்கும். மேட்டில் ஏறும் வண்டிக்குள் அது இல்லையே!

நாக்கிங்கை அடக்க வேறு ஒரு வழியும் உலகம் கண்டுபிடித்தது. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் சேர்த்தால் சத்தம் அடங்கும் என்று கண்டார். அடங்கிற்று. காதுக்குச் சுகம். அந்த ஈயம் மூன்று தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கச் சாலைகளில் அதை அறவே தடுக்க 1996 ஆயிற்று, இந்தியாவில் 2000, உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்தான். சத்தம் அடங்கினால் சரியாகிவிட்டது என்று நினைப்பதன் விலை இது.

‘சரி, டிஸ்ட்ரிபியூட்டர் குழாய் வேண்டியதுதான், மற்ற ஐந்து குழாய்கள் எதற்கு? கவர்ன்மெண்டின் தொல்லைதானே?’ என்பது மாப்பிள்ளை கேள்விப்பட்ட கட்சி. அதற்கும் பதில் சொல்கிறேன்.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மேல் ஒரு புகைமூட்டம் கவிந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. யுத்த காலம், எதிரி விஷவாயு விட்டுவிட்டானோ என்று பயந்தவர்களும் உண்டு. எதிரி ஒருவனும் வரவில்லை. ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயனப் பேராசிரியர், அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1950களின் ஆரம்பத்தில் உண்மையைக் காட்டினார். எரியாமல் தப்பும் பெட்ரோல் ஆவியும், உஷ்ணம் மிகுந்து எரிவதால் பிறக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் சேர்ந்து சமைக்கும் விஷம் அது. மோட்டார்க் கம்பெனிகள் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் ரசாயனம் யார் சம்மதத்துக்கும் காத்திருப்பதில்லை.

அந்த விஷத்தைக் குறைக்க வந்தவையே அந்தக் குழாய்களில் பல. இஞ்சினின் அடிவயிற்றில் கசியும் ஆவியை முன்பெல்லாம் ஒரு குழாய் வழியே ரோட்டில் விட்டார்கள். 1961 மாடல் முதல் கலிஃபோர்னியாவில் அதை மறுபடி கார்புரேட்டர் வழியாக உறிஞ்சி எரிக்கச் செய்தார்கள். அந்தக் குழாயை அடைத்தால் ரோட்டுக்கு மட்டும் கெடுதி அல்ல; இஞ்சின் எண்ணெய் சேறாகும், சீல்கள் பிதுங்கி ஒழுகும். 1973 மாடல் முதல் பரவலாக வந்தது இன்னொன்று: எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப சிலிண்டருக்குள் விடுவது. எரிந்த புகை மறுபடி எரியாது. ஆகவே தீயின் உஷ்ணம் தணியும். நைட்ரஜன் விஷம் குறையும். அதைக் கணக்கில் வைத்துத்தான் டைமிங்கையும் கலவையையும் அமைத்தார்கள். அதைப் பிடுங்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் நாக்கிங் கூடத்தான் செய்யும். இஞ்சின் சூடான பிறகுதான் வாக்குவத்தைத் திறந்துவிட ஒரு வால்வு. அதற்கு இரண்டு மூன்று குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் நமக்குத் தெரியாவிட்டால் அது குழாயின் குற்றமா?

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1970களின் அவசரத்தில் செய்த ஏற்பாடுகள் சில இஞ்சினை மந்தமாக்கின, சூடேற்றின, பெட்ரோலைக் குடித்தன. வாஸ்தவம். ஆனால் ‘1971இல் இருந்த குதிரை சக்தி 1972இல் காணாமல் போயிற்று, குழாய்கள் தின்றுவிட்டன’ என்று சொல்கிறார்களே, அதில் பெரும் பகுதி கணக்கு முறை மாறியதன் விளைவு. அதுவரை விசிறியும் டைனமோவும் சைலன்ஸரும் இல்லாத வெற்று இஞ்சினை அளந்து விளம்பரம் செய்தார்கள். 1972 முதல் வண்டியில் மாட்டியபடியே அளந்தார்கள். தராசு திருந்தினால் மளிகைக்கடைக்காரன் எடை குறைந்துவிட்டது என்று அழுவானா?

இன்னொரு சண்டையும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் குழாயைக் கார்புரேட்டர் தட்டுக்கு மேலே உள்ள துளையில் மாட்டுவதா, கீழே உள்ள துளையில் மாட்டுவதா? மேல் துளை ஐடிலிங்கில் உறிஞ்சாது. கீழ்த் துளை எப்போதும் உறிஞ்சும். மேல் துளை புகைச் சட்டத்துக்காகக் கண்டுபிடித்த மோசடி என்று ஒரு புராணம் சொல்கிறார்கள். சட்டங்கள் பிறப்பதற்கு முன்பே, 1950களின் கார்கள் பலவற்றில் அந்த மேல் துளை இருந்தது. எந்தத் துளை என்பதை அந்த வண்டியின் சவ்வும் வில்லும் எடைகளும் எப்படி அமைந்தன என்பதே தீர்மானிக்கும். சீட்டைப் படித்தால் தெரியும். புராணத்தைக் கேட்டால் தெரியாது.

கிழவரும் நானும் மூன்று மாலைகள் அந்த வண்டியோடு இருந்தோம். செய்தவர் அவர், விளக்குப் பிடித்தவன் நான். அவர் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்லை. ஒரு முழ ரப்பர்க் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை டாக்டர் போல் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டு போனார். பாருங்கள், இதிலும் காதுதான்! ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்த காது. சற்றுப் பருமனான ஒரு குழாய்க்குப் பக்கத்தில் ‘உஸ்ஸ்’ என்றது. என்னையும் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அது பிரேக் பூஸ்டரின் குழாய். காலால் மிதிக்கும் பலத்தோடு இஞ்சினின் உறிஞ்சு சக்தியையும் சேர்த்துப் பிரேக் பிடிக்க உதவும் டப்பாவுக்குப் போவது. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. கிளிப் போடாமல் வெறுமே செருகியிருந்தது. அதன் வழியே திருட்டுக் காற்று நுழைந்ததால் கலவை மெலிந்து ஐடிலிங் தடுமாறியிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தை மறைக்க முன்னவர் ஐடிலிங் ஸ்குருவை ஏற்றி, அதற்கும் மேல் டைமிங்கை முன்னே தள்ளி, வீணையாக்கியிருக்கிறார். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். அதை மறைக்க மூன்றாவது பொய்.

கிழவர் சிறிது நேரம் பேசவில்லை. முந்தின வாரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ரோட்டுச் சந்திப்பில் பிரேக் பெடல் கருங்கல்லாக இறுகிவிட்டதென்றும், இரண்டு காலாலும் ஏறி மிதித்து நிறுத்தியதாகவும் பிறகு சொன்னார். வயதாகிவிட்டது, காலில் பலமில்லை என்று நினைத்து அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். எத்தனை இனிமையாக ஓடிற்று அந்த இஞ்சின்!

பழைய குழாய்களையெல்லாம் மாற்றினார். மரமுளைகளைப் பிடுங்கினார். டப்பாவின் சவ்வு கிழியவில்லை என்று வாயால் உறிஞ்சிப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டார். அப்புறம்தான் டைமிங். இஞ்சின் சூடான பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரின் குழாயைக் கழற்றி அடைத்து, விளக்கைப் பிடித்து 8 டிகிரியில் முடுக்கி, குழாயை மறுபடி மாட்டினார். கடைசியில், வாக்குவம் மீட்டரைப் பார்த்துக் கலவை ஸ்குருக்கள் இரண்டையும் சமமாகத் திருப்பினார். முள் 18 அங்குலத்தில் ஆடாமல் நின்றது. கசிவு, டைமிங், கலவை: இந்த வரிசைதான் வித்தை. சொல்லிக் கொடுத்தால் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் வரும். பாரம் ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். கூழாங்கல் இல்லை. குளிர்ந்த காலையில் கிளப்பும்போது கொஞ்சம் முனகும். அது வீணையல்ல, 1978ஆம் வருஷத்துப் பிக்கப்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். திரும்பி வந்ததும் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் இதையெல்லாம் சொன்னேன். நாற்பது வருஷமாகப் பழைய பெட்ரோல் வண்டிகளைப் பார்க்கிறவர். அவர் எழுந்து போய், இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து வந்தார். டைமிங் லைட்!

“ஏன் ஐயா ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“கஸ்டமர் இருக்கும்போது எடுக்கிறதில்லீங்க. விளக்குப் பிடிச்சுப் பார்த்தா, ‘இவனுக்குக் கைராசி இல்லை, மெஷினை வச்சுப் பார்க்கிறான்’னு வேற கடைக்குப் போயிடறாங்க. அவங்க முன்னாலே காதாலே கேட்கிற மாதிரி கேட்டுட்டு, அவங்க டீ குடிக்கப் போனப்புறம் விளக்கைப் பிடிப்பேன்.”

வாசகர்களே, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? படித்த நாம், நம் காருக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டு, அதை மர்மம் என்று சொல்லி, அந்த மர்மத்துக்கு ஒரு பூசாரியை நியமித்து, அவன் தன் அறிவைத் துணியில் சுற்றி ஒளித்து வைக்கும்படி செய்துவிட்டோம். டாக்டர் கையில் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் மரியாதை. மெக்கானிக் கையில் மீட்டர் இருந்தால் சந்தேகம். ஏன் இந்தப் பேதம்? டாக்டருக்கு அறிவு உண்டு என்று நாம் நம்புகிறோம். மெக்கானிக்குக் கை மட்டும் உண்டு என்று நம்புகிறோம். கைராசி என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது அந்த நம்பிக்கைதான்.

அந்தக் கடையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மூன்று வருஷமாக இருக்கிறானாம். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான், டீ வாங்கி வருவான், மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவான். “டைமிங் வைக்கத் தெரியுமா, தம்பி?” என்று கேட்டேன். “அது அண்ணனுக்குத்தான் வரும், ஸார். கைராசி” என்றான். என் நண்பர் மாடியில் சொன்ன அதே சொல்! ராசி என்பது பிறப்பிலே வருவது. அதைக் கற்க முடியாது. ஆகவே கேட்கவும் கூடாது என்று அந்தப் பையன் மூன்று வருஷம் கேட்காமலே இருந்துவிட்டான். அறிவு என்றால் கேட்டிருப்பான். அவன் வாயை அடைத்த மரமுளை அது.

இப்போது வருகிற வண்டிகளில் கார்புரேட்டரும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. எல்லாக் கணக்கையும் ஒரு கம்ப்யூட்டர் போட்டுக்கொள்கிறது, இது பழங்கதை என்று சிலர் சொல்லலாம். அந்தக் கம்ப்யூட்டர் போடும் கணக்கும் வேகம், சுமை என்ற அதே இரண்டையும் வைத்துத்தான். அதை ரிப்பேர் செய்யப்போகிறவனும் அந்தப் பதினேழு வயதுப் பையன்தான். அவனுக்கு நாம் எதைக் கொடுத்து அனுப்பப் போகிறோம், கணக்கையா, ராசியையா?

அன்று அந்த மெக்கானிக்கிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் என் நண்பரின் அம்பாசிடர் வருகிறதென்று எனக்குத் தெரியும். “நாளைக்கு அவர் எதிரிலேயே விளக்கை எடுங்கள், பையனைப் பிடிக்கச் சொல்லுங்கள்” என்றேன். அவர் சிரித்தார், வாக்குக் கொடுக்கவில்லை. நண்பர் இதைப் படிப்பார். படித்துவிட்டு என்மேல் கோபித்துக்கொள்ளட்டும். ஆனால் அடுத்த முறை வண்டியை விடும்போது, ‘எத்தனை டிகிரி வைத்தாய், ஏன் வைத்தாய்?’ என்று அந்தப் பையன் காதில் விழும்படி ஒரு தடவை கேட்கட்டும்.